பழைய எல்பி தட்டுகளை மறுபடியும் கேட்கக் குறைந்த செலவில் எந்த டர்ன்டேபிள் வாங்கலாம்?

பல ஆண்டுகளாகப் பெட்டியில் கிடக்கும் எல்பி தட்டுகளை மறுபடியும் கேட்க விரும்புகிறீர்கள். செலவிடக்கூடிய தொகை குறைவு. ஸ்பீக்கரும் சேர்ந்தே வரும் சூட்கேஸ் பிளேயர் போதுமா, அல்லது டர்ன்டேபிள், ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர் என்று தனித்தனியாகச் சேர்க்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. தனித்தனியாகவே சேருங்கள் என்பது என் பதில். ஒலி நயம் அதற்கு இரண்டாவது காரணந்தான். முள் தட்டின்மேல் எவ்வளவு எடையோடு உட்காருகிறது என்பதை நீங்கள் அறியவும் திருத்தவும் முடிய வேண்டும், முள் தேய்ந்தால் எளிதில் மாற்ற முடிய வேண்டும் என்பவையே முதல் நிபந்தனைகள். இவை நிறைவேறினால் மற்ற குறைகளைப் பணம் சேரச் சேர ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொள்ளலாம்.

முள்ளைப் பிடித்துக்கொண்டு அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் சிறிய பாகத்துக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். சூட்கேஸ் பிளேயர்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். அது 5 கிராம் அளவுக்கோ அதற்கு மேலோ தட்டை அழுத்தும். தனி டர்ன்டேபிள்களில் வரும் காந்த வகைக் கார்ட்ரிட்ஜ், அதாவது எம்எம் வகை, பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிராமுக்குள் வேலை செய்துவிடும். ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜுக்கு 1.8 கிராம் என்றும், ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் என்றும் அவற்றின் தயாரிப்பாளர்களே அளவு கொடுத்திருக்கிறார்கள். முள்ளின் முனை பள்ளத்தின் சுவரைத் தொடும் இடம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்பதால், ஒன்றிரண்டு கிராம் கூடினாலும் அங்கே விழும் அழுத்தம் மிகப் பெரிதாகிவிடும்.

அதற்காக எடையைக் குறைத்துக்கொண்டே போவதும் தவறு. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தட்டுகளுக்குத் திரும்பிய புதிதில், லேசாக வைத்தால் தட்டு தேயாது என்று எண்ணி, 2 கிராம் கேட்கும் முள்ளை 1 கிராமுக்குச் சற்று மேலே நிறுத்தியிருந்தேன். உரத்த குரல் வரும் இடங்களிலெல்லாம் கரகரப்பு கேட்டது. தட்டுதான் பழையதாகிவிட்டது என்று பல வாரங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் எடை போதாத முள் பள்ளத்தில் நிலைகொள்ளாமல் துள்ளி, சுவர்களை இடித்துக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் தரும் எடை வரம்பின் நடுப்பகுதியிலோ, அதற்குச் சற்று மேலோ வைப்பதுதான் தட்டுக்கும் நல்லது. எடையைத் தொழிற்சாலையிலேயே நிரந்தரமாக வைத்து, காந்த வகைக் கார்ட்ரிட்ஜோடு வரும் தானியங்கி டர்ன்டேபிள்களும் உண்டு. ஆடியோ டெக்னிகா எல்பி60எக்ஸ் அப்படிப்பட்டது. டோன்ஆர்மின், அதாவது முள்ளைத் தாங்கும் கையின், பின்முனையிலுள்ள கவுன்ட்டர்வெயிட் என்ற எடைக்கட்டியைத் திருகிச் சரிபார்க்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பின்னால் வேறு கார்ட்ரிட்ஜ் போட அதில் வழியில்லை.

பலரும் டர்ன்டேபிளின் விலையை மட்டும் கணக்கிட்டுவிட்டு மறந்துபோகும் பொருள் போனோ பிரீஆம்ப். எம்எம் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்குறிப்பு ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட்டுக்குள்தான் இருக்கும். சாதாரண ஆம்ப்ளிபயர் உள்ளீடு எதிர்பார்ப்பதோ அதைப்போல நூறு மடங்கும் அதற்கு மேலும். தவிரவும், தட்டில் ஒலி இருக்கிறபடியே வெட்டப்படுவதில்லை. தாழ்ந்த சுரங்களை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக வளைந்து இடத்தை அடைத்துவிடும் என்பதால் அவற்றைக் குறைத்தும், உரசல் இரைச்சலில் அமிழ்ந்துவிடாதிருக்க உயர்ந்த சுரங்களைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ 1954இல் வகுத்த நியமத்தின்படி இந்த ஏற்ற இறக்கம் இரு கோடிகளிலும் ஏறத்தாழ 20 டெசிபெல் வரை போகிறது. அதைத் திருப்பிச் சமன் செய்வதும் போனோ பிரீஆம்பின் வேலையே. அது டர்ன்டேபிளுக்குள்ளேயே இருக்கலாம், தனிப் பெட்டியாக இருக்கலாம், பழைய ஆம்ப்ளிபயரின் ‘போனோ’ என்று எழுதிய உள்ளீட்டுக்குப் பின்னால் இருக்கலாம். ஏதாவது ஓரிடத்தில் கட்டாயம் வேண்டும். இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. டர்ன்டேபிளின் பின்புறத்துச் சிறிய சுவிட்ச் ‘லைன்’ பக்கம், அதாவது உள்ளிருக்கும் பிரீஆம்ப் வேலை செய்யும் பக்கம், இருந்ததைக் கவனிக்காமல் நான் கம்பியைப் போனோ உள்ளீட்டில் செருகி, வந்த அலறலைக் கேட்டு ஸ்பீக்கர் கெட்டுவிட்டதாக முடிவு கட்டிய ஒரு மாலைப்பொழுதும் உண்டு.

மோட்டார் ரப்பர் பெல்ட் வழியாகச் சுழற்றும் பெல்ட் டிரைவா, நேரடியாகச் சுழற்றும் டைரக்ட் டிரைவா என்ற விவாதத்தில் குறைந்த செலவுக்காரர் நேரத்தை இழக்க வேண்டியதில்லை. பெல்ட் வகையில் மோட்டாரின் அதிர்வு தட்டுக்கு வருவது குறைவு, ஆனால் பெல்ட் சில ஆண்டுகளில் தளரும். டைரக்ட் டிரைவில் வேகம் உறுதியாக நிற்கும், மாற்ற வேண்டிய ரப்பரும் கிடையாது. 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இரண்டாம் வகையின் பெயர்போன எடுத்துக்காட்டு என்றாலும், அதன் இன்றைய விலை இந்தக் கேள்விக்கு வெளியே நிற்கிறது.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் என் கணக்கு பலருக்கு உவப்பாக இராது. கையிலுள்ள தொகையில் பாதியை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். ஆம்ப்ளிபயர் உள்ளேயே அமைந்த பவர்டு ஸ்பீக்கர் ஒரு ஜோடியும், பிரீஆம்ப் உள்ளடங்கிய எளிய டர்ன்டேபிளும் இருந்தால் மூன்றாவது பெட்டிக்கே தேவையில்லை. விலையுயர்ந்த டர்ன்டேபிளை மலிவான ஸ்பீக்கரோடு இணைத்தவர்களைவிட இதன் எதிர்ப்புறத்தில் நின்றவர்களே நெடுநாள் மகிழ்ச்சியோடு கேட்பதைப் பார்த்திருக்கிறேன். டர்ன்டேபிளுக்குள் செலவைக் கூட்ட விரும்பினால் முள்ளில் கூட்டுங்கள். ஆடியோ டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் கார்ட்ரிட்ஜின் உடல் ஒன்றே. கூம்பு, நீள்வட்டம், அவற்றைவிட நுண்ணிய மைக்ரோலீனியர் என்று வெவ்வேறு முனை வடிவங்கள் கொண்ட முள்ளை மட்டும் கழற்றி மாற்றலாம். தட்டு சுழலும் வேகம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று மாறாமல் இருந்தாலும், முள்ளுக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் வெளி விளிம்பில் வினாடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டரிலிருந்து உள்விளிம்பில் 21 சென்டிமீட்டர் வரை குறைகிறது. அதே ஒலியலைகள் அங்கே நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ச’கரங்கள் சீறுவது இதனால்தான். கூம்பு முனையைவிட நுண்ணிய முனை அந்த நெருக்கத்துக்குள் நன்றாக நுழையும்.

பழைய கருவி வாங்குவதாக இருந்தால், அழகைப் பார்ப்பதற்கு முன் டோன்ஆர்மை மெல்ல அசைத்துப் பாருங்கள். அச்சில் ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் வேறொன்று வாங்கிவிடலாம். பெல்ட் தளர்ந்துபோயிருப்பதும் தூசியும் குறையே அல்ல, பேரம் பேச உதவும் காரணங்கள். அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு இன்னும் முள் கிடைக்கிறதா என்பதை விசாரிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். விற்பவர் ‘முள் புதிது’ என்று சொன்னாலும் புது முள்ளுக்கான செலவைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுவரும்போது சுழல்தட்டையும் கவுன்ட்டர்வெயிட்டையும் கழற்றி, டோன்ஆர்மைக் கட்டிவைக்காவிட்டால், அதுவரை நன்றாக இருந்த அச்சு வழியிலேயே கெட்டுவிடும்.

வாங்கி வந்தபின் ஓர் அரைமணி நேரம் அமைப்பதற்குச் செலவிடுங்கள். டர்ன்டேபிள் மட்டமாக இருக்க வேண்டும். கவுன்ட்டர்வெயிட்டைத் திருகி டோன்ஆர்ம் அந்தரத்தில் மிதக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, அந்த நிலையில் அதன் எண் வளையத்தைச் சுழியத்தில் வைத்து, பிறகு உரிய கிராமுக்குத் திருப்புங்கள். முள்ளின் எடையைக் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் ஐயமே இராது. டோன்ஆர்ம் தட்டின் நடுவை நோக்கி இழுபடுவதை ஈடுசெய்யும் ஆன்டி-ஸ்கேட்டிங் குமிழை அதே எண்ணில் வைப்பது தொடக்கத்துக்குப் போதும். தொடர்ந்து ‘உம்’ என்ற இரைச்சல் வந்தால் டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் கம்பியை ஆம்ப்ளிபயரின் திருகில் இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்பீக்கரையும் டர்ன்டேபிளையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். ஸ்பீக்கரின் அதிர்வு முள்ளுக்கே திரும்பிவந்து ஒலியைக் கலக்கிவிடும்.

தட்டுகளைப் பற்றியும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே சுழலவிடாதீர்கள். காய்ந்த தூசியைக் கார்பன் நார்ப் பிரஷ் எடுத்துவிடும். கைரேகையும் பூஞ்சையும் இருந்தால் வாலை வடித்த நீரில் ஓரிரு சொட்டு வாசனையற்ற சோப்புக் கரைசல் சேர்த்து, நடுவிலுள்ள தாள் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, தனி வாலை வடித்த நீரால் மறுபடி கழுவி உலரவிடுங்கள். பெட்டிக்குள் 78 சுற்றுத் தட்டுகளும் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்: அவற்றின் பள்ளம் எல்பியைவிட மிக அகலமானது, அதற்கு வேறு முள் வேண்டும், அவை பெரும்பாலும் அரக்குக் கலவையால் ஆனவை என்பதால் ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். முள்ளின் ஆயுளையும் குறித்துவையுங்கள். விஎம்95 வரிசையின் நீள்வட்ட முள்ளுக்கு 300 மணி நேரம் என்று சொல்லப்படுகிறது. பக்கத்துக்கு 20 நிமிடம் என்று கொண்டால் அது 450 எல்பி, அதாவது நாளுக்கு ஒன்று கேட்பவருக்கு ஏறத்தாழ பதினைந்து மாதம். கருவி எதுவானாலும், முதல் நாள் உங்களுக்கு மிகவும் பிடித்த தட்டை அதில் வைக்காதீர்கள். போனாலும் வருத்தமில்லாத ஒன்றை முழுப் பக்கமும் ஓடவிட்டு, உள்விளிம்பு வரை கரகரப்பின்றி வருகிறதா என்று கேட்டபின் மற்றவற்றைப் பெட்டியிலிருந்து எடுங்கள்.