அண்ணனை மறந்துட்டு ஒரு பரலோகமா?

கேள்வி: எங்க அண்ணன் சர்ச்சுக்கு வர மாட்டார், ஜெபம் பண்ண மாட்டார். ஆனா அப்பா தவறினப்புறம் எங்க எல்லாரையும் படிக்க வச்சு ஆளாக்கினது அவர்தான். போன வருஷம் அவரும் போயிட்டார். ரட்சிக்கப்படாம போனதால நரகத்துலதான் இருப்பார்னு எங்க பாஸ்டர் சொல்றார். அப்போ நான் பரலோகம் போனா அங்க எப்படி சந்தோஷமா இருப்பேன்னு கேட்டேன். "அங்க போனா உனக்கு அண்ணன் ஞாபகமே வராதும்மா, கர்த்தர் துடைச்சிருவார்"னு சொன்னார். ஆறுதலாவே இல்ல. நான் கேட்டது தப்பா? அவருக்காக இப்போ ஜெபம் பண்ணலாமா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தப்பே இல்லம்மா. சரியான கேள்விதான் கேட்டிருக்கீங்க, கிடைச்ச பதில்தான் தப்பு. நான் உங்க மதத்துக்காரன் இல்ல, ஆனாலும் சுத்தி வளைக்காம சொல்லிடறேன்.

மறதிக்கு ஆதாரமா ஏசாயா 65:17ஐத்தான் காட்டுவாங்க, முந்தினவைகள் இனி நினைக்கப்படாது, மனசுல தோணாதுன்னு வர்ற வசனம். அதுக்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படிங்க, அங்க மறக்கப்படறது பழைய துன்பங்கள். பட்ட கஷ்டம் மறந்துபோறது வேற, அந்தக் கஷ்டத்துல கூட நின்ன மனுஷனையே மறந்துபோறது வேற. இன்னொண்ணு, லூக்கா 16ல இயேசுவே ஒரு கதை சொல்றார், ஐசுவரியவான் நரகத்துல கிடக்கான், அவன் வாசல்ல கிடந்த பிச்சைக்காரன் லாசரு செத்தப்புறம் முற்பிதா ஆபிரகாம் மடியில இருக்கான். அதுல யாருக்கும் எதுவும் மறக்கல. ஆபிரகாம் அந்த ஐசுவரியவானைப் பார்த்து "மகனே"ன்னு கூப்பிட்டு, நீ பூமியில வாழ்ந்ததை நினைச்சுப் பாருன்னு சொல்றார். அவனோ வேதனையில கிடந்துக்கிட்டே வீட்ல இருக்கற அஞ்சு சகோதரங்களும் இங்க வந்துரக் கூடாதேன்னு கெஞ்சறான். நரகத்துல இருக்கறவனுக்கே கூடப்பிறந்தவங்க ஞாபகம் இருக்கு, பரலோகத்துல இருக்கற தங்கச்சிக்கு அண்ணன் ஞாபகம் இருக்கக் கூடாதுன்னா அது என்ன கணக்கு?

யோசிச்சுப் பாருங்க, உங்க மனசுலேருந்து அண்ணனை எடுத்துட்டா மிச்சம் யார் இருப்பா? ஃபீஸ் கட்ட அவர் கொடுத்த பணம், அவர் திட்டினது, அவர் கூட்டிட்டுப் போன இடம் எல்லாம் சேர்ந்ததுதானே நீங்க. ஒருத்தர் நேத்தும் இன்னைக்கும் அதே ஆளா இருக்கறதுக்கு அவரோட நினைவுதான் ஆதாரம்னு இங்கிலாந்து தத்துவவாதி ஜான் லாக் 17ஆம் நூற்றாண்டுலயே எழுதினார், அதுல ஓட்டை இருக்குன்னு அப்புறம் நிறைய பேர் வாதாடினாங்க, அது பெரிய கதை. ஆனா பாதி வாழ்க்கையைத் துடைச்சுட்டு ஒருத்தரை உள்ள கூட்டிட்டுப் போனா அங்க சந்தோஷமா இருக்கறது நீங்கதானான்னு கேட்க எந்தத் தத்துவமும் படிச்சிருக்க வேண்டாம்.

13ஆம் நூற்றாண்டுல கத்தோலிக்க இறையியல் அறிஞர் தாமஸ் அக்வினாஸ் இந்த மறதிப் பக்கமே போகல. பரலோகத்துல இருக்கறவங்க நரக வேதனையைப் பார்ப்பாங்க, ஆனா இரக்கப்பட மாட்டாங்க, ஏன்னா கடவுளோட நீதிக்கு எதிரா அவங்க மனசு போகாதுன்னு சொன்னார். கேள்வியை மழுப்பாம நேரா எடுத்தாரேன்னு அவரை மதிக்கிறேன், பதிலை என்னால ஏத்துக்க முடியல. இங்க இருக்கறவரைக்கும் அடுத்தவன் கஷ்டத்துக்கு இரங்குன்னு சொல்லிட்டு அங்க போனதும் இரங்காதேன்னா, நம்மகிட்ட இருந்த நல்லதுல பாதியை வாசல்லயே விட்டுட்டுப் போற மாதிரிதானே?

இப்போ உங்க வேதத்துலயே பெரிய ஆளுங்க என்ன பண்ணாங்கன்னு பாருங்க. ஜனங்க பொன் கன்னுக்குட்டியைக் கும்பிட்டப்புறம் மோசே கடவுள்கிட்ட, அவங்களை மன்னிங்க, இல்லன்னா உங்க புஸ்தகத்துலேருந்து என் பேரையும் கிறுக்கிப் போட்டுருங்கன்னு சொல்றார் (யாத்திராகமம் 32:32). பவுல் ரோமர் 9:3ல, என் சகோதரங்களுக்காக நானே கிறிஸ்துவை விட்டு சபிக்கப்பட்டவனா ஆகக்கூட விரும்புவேன்னு எழுதறார். ரெண்டு பேருமே உங்க பக்கம்தான் நிக்கறாங்க.

மகாபாரதக் கடைசியிலயும் இதே இடம் வரும். தருமர் சொர்க்கத்துக்குப் போறார், அங்க துரியோதனன் ஜம்முன்னு உக்காந்திருக்கான், தம்பிங்களைக் காணோம். தேவதூதன் அவரை நாத்தமடிக்கிற இருட்டுப் பாதையில கூட்டிட்டுப் போறான், தாங்க முடியாம திரும்பப் போகும்போது இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க, நீங்க நிக்கறதால எங்களுக்கு வேதனை குறையுதுன்னு குரல்கள் கேக்குது. யாருன்னு கேட்டா கர்ணன், பீமன், அர்ஜுனன், திரௌபதின்னு ஒவ்வொண்ணா பேர் வருது. தருமர் தூதனை நீ போப்பா, நான் இங்கயே இருந்துக்கறேன்னு அனுப்பிடறார். அப்புறம்தான் அதெல்லாம் மாயைன்னு தெரியவருது. மாயைன்னு தெரியாதப்பவே அவர் எடுத்த முடிவு அது.

இஸ்லாத்துல ஸஹீஹ் முஸ்லிம்ங்கற நபிமொழித் தொகுப்புல ஒரு ஹதீஸ், அதாவது நபிமொழி இருக்கு. நெருப்பைத் தாண்டித் தப்பிச்ச விசுவாசிங்க உள்ள மாட்டிக்கிட்ட தங்க சகோதரங்களுக்காக, எங்களோட நோன்பு வச்சாங்க, தொழுதாங்கன்னு இறைவன்கிட்ட வாதாடுவாங்க, தெரிஞ்சவங்களை வெளிய கொண்டு வாங்கன்னு அவங்களுக்கு அனுமதியும் கிடைக்கும். அது அதே நம்பிக்கையில இருந்தவங்களுக்கானது, உங்க அண்ணன் விஷயத்துக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனா தப்பிச்சவங்க மறந்துட்டு நிம்மதியா உக்காரலன்றதைக் கவனிங்க.

உங்க சபை வரலாற்றுலயே 3ஆம் நூற்றாண்டு கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜன், கடைசியில எல்லாரும் கடவுள்கிட்ட திரும்புவாங்கன்னு எதிர்பார்த்தார். 6ஆம் நூற்றாண்டுல அது கண்டிக்கப்பட்டுச்சு, ஆனா கிட்டத்தட்ட அதையே சொன்ன 4ஆம் நூற்றாண்டு ஆயர், நீசாவின் கிரகோரியை இன்னைக்கும் புனிதர்னுதான் கொண்டாடறாங்க. கத்தோலிக்கத் திருச்சபை எத்தனையோ பேரை புனிதர்னு அறிவிச்சிருக்கு, இன்னார் நரகத்துல இருக்கார்னு ஒருத்தரைக்கூட அதிகாரபூர்வமா அறிவிச்சது கிடையாது. அப்படியிருக்க உங்க அண்ணன் எங்க இருக்கார்னு உங்க பாஸ்டருக்கு எப்படித் தெரிஞ்சுது?

ஜெபம் பண்ணலாமான்னு கேட்டீங்க. கத்தோலிக்கர்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்னைக்கு செத்தவங்களுக்காக ஜெபிக்கறாங்க, புராட்டஸ்டன்ட் சபைகள் பெரும்பாலும் அதை ஏத்துக்கறதில்ல, உங்க பாஸ்டரும் வேண்டாம்னுதான் சொல்வார். நீங்க ஜெபிங்க. அவர் தடுத்தா ரோமர் 9:3ஐ எடுத்து அவர் கையிலயே கொடுத்து சத்தமா வாசிக்கச் சொல்லுங்க.