நாளைக்கு எப்ப வரும்? – குழந்தைகளின் காத்திருப்பு பற்றிச் சில கேள்விகள்

மகனுக்கு நாலு வயசு. குற்றாலம் போய் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. இன்னமும் 'நேத்து அருவியில குளிச்சோம்' என்கிறான். பொய் சொல்லப் பழகுகிறானா? – அம்பாசமுத்திரம் வாசகி

பொய்யெல்லாம் இல்லை. முடிந்துபோன எதுவுமே அவனுக்கு 'நேத்து'தான். நேற்று போய்விட்டது, நாளை இனிமேல்தான் என்பது இந்த வயதில் பிடிபடும். எத்தனை நாள் தள்ளி என்பது தெளிய ஏழு வயதுகூட ஆகலாம். தேரோட்டத்துக்கு அஞ்சு நாள் இருக்கிறதா? 'அஞ்சு தடவை தூங்கி எழுந்தா தேர்' என்று சொல்லுங்கள். தினசரி காலண்டர் தாளை அவன் கையாலேயே கிழிக்க விடுங்கள்.

போனில் பார்த்து, அஞ்சு வயசுப் பேத்தி முன்னால் அல்வா வைத்தேன். கால் மணி நேரம் பொறுத்தால் இன்னொரு துண்டு என்றேன். ரெண்டே நிமிஷத்தில் தின்றுவிட்டாள். படிப்பு வருமா? – பாளையங்கோட்டை ஆச்சி

ஆச்சி, சூடான அல்வா இலையில் நெய் வடிய இருந்தால் நானே கால் மணி நேரம் தாங்கமாட்டேன்.

அமெரிக்காவில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் 1960களின் கடைசியில் தொடங்கிய சோதனை இது. அங்கே மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாய், இங்கே அல்வா. பொறுத்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்ற பேச்சு உலகமெங்கும் பரவியது. 2018இல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது 2013இல் வந்த ஒரு சின்ன ஆய்வு. மொத்தமே 28 பிள்ளைகள். நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன் என்று பாதிப் பேரிடம் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். மீதிப் பேருக்குச் சொன்னபடி கொடுத்தார்கள். அப்புறம்தான் அந்த மிட்டாய்ச் சோதனை. ஏமாந்தவர்கள் சராசரியாக மூன்று நிமிடம் பொறுத்தார்கள், மற்றவர்கள் பன்னிரண்டு. 'இன்னா வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போனவர் பொழுது சாய்ந்து வருகிற வீட்டில், கையிலிருப்பதைத் தின்கிற பிள்ளைதான் விவரமான பிள்ளை!

மறுபடி வைத்துப் பார்ப்பதானால் அல்வாவைத் தட்டால் மூடிவையுங்கள். கண்ணில் படாவிட்டால் பிள்ளைகள் கூடுதல் நேரம் பொறுக்கிறார்கள் என்பதும் மிஷெல் கண்டதுதான். இன்னொரு துண்டைச் சொன்ன நேரத்தில் கொடுத்துவிடுங்கள்.

எட்டாம் வகுப்புப் பையன் பரீட்சைக்கு முந்தின ராத்திரிதான் புத்தகத்தைத் தொடுகிறான். – வள்ளியூர் வாசகர்

திட்டமிட உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகும். அவனுக்கு அடுத்த மாதப் பரீட்சை என்பது எங்கோ கிடக்கிற விஷயம். இன்றைக்கு ரெண்டு பக்கம், முடித்ததும் விளையாட்டு என்று துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுங்கள். சரி, கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்: கரண்ட் பில்லை நீங்கள் எந்தத் தேதியில் கட்டுகிறீர்கள்?