லைசென்ஸ் வாங்கினார், பறக்கவில்லை!

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் ஆசை ஆசையாகப் படித்து பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கினார். ஒரு வருடமாக விமானம் பக்கமே போகவில்லை. அவ்வளவுதானா ஆசை?

பதில்: மச்சானைத் திட்டாதீர்கள், நிறைய பேருக்கு இதே கதைதான். பயிற்சியில் அடுத்த பாடம், தனியாகப் பறக்கும் நாள், தேர்வு என்று ஏதோ ஒன்று முன்னால் நின்று இழுத்துக்கொண்டே இருக்கும். குறைந்தது 40 மணி நேரம் பறந்து லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள், எங்கே போவது? ஊரைச் சுற்றி நாலு வட்டம், சொந்த வீட்டுக் கூரையை மேலிருந்து ஒரு போட்டோ, அப்புறம்?

காசும்தான். செஸ்னா 172 என்ற சின்ன விமானம் மணிக்குச் சுமார் 30 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். பக்கத்து ஊருக்குப் பறந்துபோய்ச் சாப்பிடுவதை அங்குள்ள பைலட்டுகளே 'நூறு டாலர் பர்கர்' என்று கிண்டல் செய்வார்கள் (இன்றைய விலைக்கு அது மலிவு!).

ஆனால் ஆளைக் கவிழ்ப்பது இடைவெளிதான் என்பேன். அங்கே லைசென்ஸ் காலாவதி ஆகாது. ஆனால் கடைசி 90 நாளில் மூன்று முறை விமானத்தை மேலே ஏற்றித் தரையிறக்கியிருந்தால்தான் பக்கத்தில் ஆளை ஏற்றலாம், 24 மாதத்துக்கு ஒருமுறை பயிற்சியாளரிடம் பறந்து காட்ட வேண்டும். ரெண்டு மாதம் விட்டால் பக்கவாட்டில் அடிக்கும் குறுக்குக் காற்றில் இறக்கும்போது கை தடுமாறும், பயம் வரும், பயத்தில் இன்னும் தள்ளிப்போடுவார்கள்.

விடாமல் பறப்பவர்கள் பெரும்பாலும் கூட்டாளி உள்ளவர்கள். நாலைந்து பேர் சேர்ந்து விமானம் வாங்குவார்கள், இல்லையென்றால் கிளப்பில் சேருவார்கள். சிலர் 'யங் ஈகிள்ஸ்' திட்டத்தில் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளை இலவசமாக ஏற்றிச் செல்கிறார்கள், 1992லிருந்து நடக்கிறது. மச்சானிடம் சொல்லிப் பாருங்கள்.