புது ஸ்போர்ட்ஸ் கார் வந்த முதல் வருடமே வாங்கலாமா?

பாடியும் விளக்கும் மட்டும் மாறியிருந்தால் தயங்காமல் வாங்கலாம். எஞ்சினோ கியர்பாக்ஸோ புதிது என்றால் ஒரு வருடமாவது பொறுங்கள்.

2014 போர்ஷே 911 ஜிடி3-ல் எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் போல்ட் தளர்ந்து, அந்த ராடு எஞ்சினின் கூடான கிராங்க்கேஸை உடைத்து, கசிந்த ஆயிலால் இரண்டு கார்கள் தீப்பிடித்தன. அந்த மாடலின் 785 கார்களுக்கும் எஞ்சினையே மாற்றிக் கொடுத்தார்கள். எல்லாக் கம்பெனியும் அப்படிச் செய்யும் என்று நம்ப வேண்டாம். 2015 கார்வெட் இசட்06 ரேஸ் டிராக்கில் சூடேறிப் பவரைக் குறைத்துக்கொண்டது; பானெட்டில் காற்றுத் திறப்பு பெரிதானது 2017 மாடலில்தான். சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு அது பெரிய தொல்லையில்லை.

பொறுக்க முடியாதா? விலைக்கு மேல் டீலர் கேட்கும் பிரீமியத்தைத் தராதீர்கள். டிராக் ஓட்டத்துக்கு வாரண்டி உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சேசிஸ் நம்பரைப் போட்டு ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனி காரைத் திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.