மொரீஷியஸின் பீனிக்ஸ் ஊரில் மேம்பாலம், கூடவே மெட்ரோ: இருந்தும் தலைநகர் போர்ட் லூயிஸ் போக ஏன் இவ்வளவு நேரம்?

மேம்பாலம் வந்தும் மொரீஷியஸில் காலை நெரிசல் ஏன் தீரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பாலம் அதன் வேலையைச் செய்கிறது, ஆனால் அந்த வேலை ரொம்பச் சின்னது.

முன்பு பீனிக்ஸ், ஜம்போ, தௌலுத் என்று மூன்று ரவுண்டானா அடுத்தடுத்து இருந்தன. இங்கே இடப்பக்கம் ஓட்டுகிறோம், ரவுண்டானாவுக்குள் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். அதனால் வலப்பக்கமிருந்து வண்டிகள் விடாமல் வந்தால், தெற்கே இருக்கிற கியூர்பிப் நகரிலிருந்து நேராகத் தலைநகர் போகிறவர் உள்ளே நுழைய இடைவெளியே கிடைக்காமல் நின்றுகொண்டிருப்பார், அவருக்குப் பின்னால் வரிசை நீளும். மேம்பாலம் நேராகப் போகிறவரைத் தனியே பிரித்து அனுப்பிவிடுகிறது. சரி, அப்புறம்? அத்தனை வண்டியும் அதே எம்1 சாலையில்தானே போய் போர்ட் லூயிஸ் வாசலில் நிற்க வேண்டும்! ஷெபெல், சொரேஸ் என்ற இடங்களை இணைக்கும் இன்னொரு பாலம் ஏ1, எம்1 சாலைகள் இரண்டுக்கும் நடுவே மாறிக்கொள்ள வழி தருகிறது, நகருக்குள் நிறுத்த இடம் தராது.

என்னைக் கேட்டால் மெட்ரோதான் உருப்படியான வழி. 1956-இல் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டு, பெரும்பாலும் அந்தப் பழைய தடத்திலேயே மறுபடி தண்டவாளம் போட்டார்கள். 2020-இல் போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் ஹில் வரை ஓடியது, 2022-இல் கியூர்பிப் வரை. குறை எங்கே என்றால் வீட்டிலிருந்து நிலையம் வரைக்குமான தூரம்தான். இணைப்பு பஸ் நேரத்துக்கு வராவிட்டால் யாரும் காரை வீட்டில் விட்டுவிட்டு வரமாட்டார்கள்.