கேஸ் சிலிண்டருக்குள் தண்ணீரா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அடுப்படியிலிருந்து வந்தவை. நல்லதுதான். திடம், திரவம், வாயு மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க அதைவிட வசதியான இடம் ஏது?

புது சிலிண்டரை ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்கிறது. எடை காட்டத் தண்ணீர் கலக்கிறார்களா?
- வாசகி, மதுரை

இல்லை அம்மா, அலம்புவது கேஸேதான். புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கேஸ் அது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும், பியூட்டேன் சுமார் 0 டிகிரியில். மதுரை வெயிலில் திறந்து வைத்தால் இரண்டும் வாயுதான். அழுத்தி அடைத்தால் மூலக்கூறுகள் நெருங்கி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரவமாகிவிடும். அப்போது பிடிக்கிற இடம் ஏறத்தாழ 250-ல் ஒரு பங்குதான். 14.2 கிலோவையும் வாயுவாகவே வைப்பதென்றால் ஒரு குளியலறை முழுக்க வேண்டியிருக்கும்.

அடுப்பைத் திருகினால் மேலே நிற்கும் வாயு வெளியேறும், கீழே உள்ள திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பும். கொதிக்க வெப்பம் வேண்டுமே, அதைச் சிலிண்டரின் சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளும். கல்யாணச் சமையலில் மணிக்கணக்காக எரியும் சிலிண்டரின் அடிப்பாகம் வியர்த்து நிற்பது அதனால்தான். சில நேரம் வெண்பனியே படிந்துவிடும். மீதி எவ்வளவு என்று தெரிய, ஈரத் துணியால் மேலிருந்து கீழே ஒரு கோடு துடைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். திரவ மட்டத்துக்கு மேலே சீக்கிரம் காய்ந்துவிடும், கீழே ஈரம் நிற்கும். தீரப்போகிற சிலிண்டரைப் படுக்க வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். திரவமே குழாய்க்குள் வந்துவிடும், ஆபத்து.

எடையில் சந்தேகம் இருந்தால், காலி எடை சிலிண்டரின் மேல்பாகத்திலேயே எழுதியிருக்கும். அதோடு 14.2 சேர்த்து, நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கற்பூரம் கரையாமல் இருக்க டப்பாவில் மிளகு போடச் சொல்கிறார் மாமியார். பலன் உண்டா?
- வாசகி, சேலம்

மாமியாரிடம் சண்டை வேண்டாம், மிளகு போட்டால் நஷ்டமில்லை. ஆனால் காவல் காப்பது மிளகு அல்ல, மூடி. கற்பூரம் உருகாமலே திடத்திலிருந்து நேராக ஆவியாகும். பாடப்புத்தகத்தில் பதங்கமாதல் என்று படித்திருப்பீர்கள். டப்பா இறுக்கமாக இருந்தால் உள்ளே ஆவி நிறைந்துவிடும். அப்புறம் கிளம்புகிற அளவுக்கே திரும்பி வந்து ஒட்டும், கட்டி குறையாது. திறக்கும்போதெல்லாம் மூக்கில் ஏறுகிற வாசனை இருக்கிறதே, அது உங்கள் கற்பூரமேதான். அந்துருண்டை இளைப்பதும் இதே கதை.

இட்லிப் பானையைத் திறந்ததும் வரும் வெள்ளைப் புகைதானே நீராவி?
- மாணவர், திருச்சி

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், ஆனால் நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெயிட் போடாத குக்கரில் ஆவி வரும் முனையைத் தள்ளி நின்று கவனியுங்கள். முனையை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றுமே தெரியாது, அதற்கு மேல்தான் வெள்ளை தொடங்கும். தெரியாத பகுதிதான் ஆவி. வெள்ளையாக இருப்பது குளிர்ந்து திரும்பவும் திரவமாகிவிட்ட பொடித்துளிகள்.

கை வைத்துவிடாதீர்கள். ஒரு கிராம் தண்ணீரை 0-விலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 100 கலோரி போதும். அதே 100 டிகிரியில் அதை ஆவியாக்க இன்னும் 540 கலோரி வேண்டும். ஆவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போது அந்த 540-ஐயும் உங்கள் கையில் இறக்கிவிடும். கொதிநீரைவிட ஆவி மோசமாகச் சுடுவது அதனால்தான்.

மார்கழியிலும் தேங்காய் எண்ணெய் உறையவில்லை. கலப்படமா?
- வாசகர், சென்னை

அவசரப்பட வேண்டாம். பல கொழுப்புகள் கலந்திருப்பதால் அது பனிக்கட்டி மாதிரி ஒரே புள்ளியில் மாறாது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே முதலில் கலங்கும், பிறகு இறுகும். அடுப்புப் பக்கத்து அலமாரி அந்த அளவுக்குக் குளிராது. ஃப்ரிட்ஜில் வைத்தும் மேலே எண்ணெயாக நின்றால் சந்தேகப்படலாம். உறைந்துவிட்டது என்பதற்காகச் சுத்தம் என்று நம்பிவிடவும் முடியாது, எண்ணெய்ப்பனையின் கொட்டையில் எடுக்கிற எண்ணெயும் உறையும்.

பருப்பொருளின் நிலைகள் மூன்றா, நான்கா, ஐந்தா? பையனுக்குப் பரீட்சை.
- தந்தை, ஈரோடு

பரீட்சைக்குப் புத்தகத்தில் உள்ளதையே எழுதட்டும். வீட்டுக்கு வந்ததும் மீதியைச் சொல்லுங்கள். வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்துவிட்டால் அது பிளாஸ்மா. மின்னல், சூரியன், எரிகிற டியூப்லைட்டின் உள்பக்கம் எல்லாம் அதுதான். ஐந்தாவதாகச் சொல்லப்படுவது போஸ்-ஐன்ஸ்டைன் கண்டன்சேட், அதில் நம் நாட்டுக்காரர் பெயர் உண்டு. சத்யேந்திர நாத் போஸ் 1924-ல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். அது ஒளியைப் பற்றியது. ஐன்ஸ்டைன் அதை அணுக்களுக்கு நீட்டி, கடுங்குளிரில் அவை எல்லாம் ஒரே குவாண்டம் நிலையில் போய்ச் சேரும், அதாவது சேர்ந்து ஒரே பெரிய அணு மாதிரி நடந்துகொள்ளும் என்றார். 1995-ல்தான் அமெரிக்காவின் போல்டரில் ரூபிடியம் அணுக்களை வைத்து அதைக் கண்ணால் பார்த்தார்கள். 2001-ல் நோபல் பரிசும் கிடைத்தது. போஸ் 1974-லேயே போய்விட்டார்.

கண்ணாடி மெல்ல வழிகிற திரவமாமே? பழைய தேவாலய ஜன்னல்களில் அடிப்பக்கம் தடித்திருக்கிறதாம்.
- வாசகர், நாகர்கோவில்

வழியவில்லை. அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்படாத திடப்பொருள் அது. அந்தக் காலத்தில் கண்ணாடியை ஊதிச் சுழற்றித் தட்டையாக்கினார்கள், ஒரே கனத்தில் வராது. தடித்த பக்கம் மேலே இருக்கும்படி பொருத்திய ஜன்னல்களும் உண்டு.