ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்காத வயிறு

மேடத்துக்கு வணக்கம்.

குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான். பையன் எட்டாவது வரை ஊர்ப் பள்ளியில் படித்தான். காலையில் மோட்டார் போடுவது, செடிகளுக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் அங்கே அவன் பொறுப்பு. ஒன்பதாவதுக்கு டவுனில் பெரிய அரசுப் பள்ளியில் சேர்த்தோம்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததிலிருந்து, விடிந்தால் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொள்கிறான். ஸ்கேன் எடுத்தும் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்கிறார்கள். நான் கம்பெனி பஸ் ஏறின பிறகு ஆடு ஓட்டிக்கொண்டு போகிறானாம். ஞாயிற்றுக்கிழமை வலியே இல்லை. "நடிக்கிறான், மெக்கானிக் ஷெட்டில் விடு" என்கிறார் அவர். வகுப்பில் மார்க்கை எல்லார் முன்னாலும் படித்திருக்கிறார்கள். என்னிடம் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தான்: "அங்க என்னை யாருக்கும் தெரியாதும்மா." நான் என்ன செய்யட்டும்?

— ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகன் நடிக்கவில்லை. பயம் வந்தால் குடலின் அசைவே மாறும். வயிறு பிசையும், குமட்டும். ஸ்கேனில் இது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வலிக்கவில்லை என்பதிலிருந்தே வலி பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

அவன் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஊர்ப் பள்ளியில் அவன் வராவிட்டால் செடி வாடும், தொட்டி நிறையாது. புதுப் பள்ளியில் அவனைப் பற்றி வகுப்புக்குத் தெரிந்தது அந்தக் குறைந்த மார்க் மட்டும்தான். எந்தப் பிள்ளைக்கும் இது தாங்காது.

வீட்டிலேயே இருக்க விடாதீர்கள். தங்கும் ஒவ்வொரு நாளும் வயிறு லேசாகும், மறுநாள் பயம் இன்னும் பெரிதாகும். முதல் வாரம் மதியம் வரை போனாலும் போதும். அதற்கு வகுப்பாசிரியரின் சம்மதம் வேண்டும். அவரிடம் புகாராகப் பேச வேண்டாம். "இவனுக்குப் பள்ளி என்றாலே பயமாக இருக்கிறது சார். பழைய பள்ளியில் மோட்டார், செடி எல்லாம் இவன்தான் பார்த்துக்கொண்டான். இங்கேயும் ஒரு வேலை கொடுங்கள், மார்க்கைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நிறைய ஆசிரியர்கள் இதை மறுக்க மாட்டார்கள். மறுத்தால் தலைமை ஆசிரியர் இருக்கிறார், பெற்றோர் உறுப்பினராக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது.

வீட்டில், காலை அவசரத்தில் எதையும் கேட்காதீர்கள். சாயங்காலம் ஆட்டுக்குத் தழை போடும்போது கூட நில்லுங்கள். கை வேலையாக இருந்தால் பையன்களுக்கு வாய் தானாகத் திறக்கும். "ஏன் போகல?" வேண்டாம். "எந்தப் பீரியட் வந்தா வயிறு பிசையுது? பக்கத்துல யார் உட்கார்றாங்க?" என்று கேளுங்கள். அடியோ, சாதியைச் சொல்லிக் கேலியோ வெளிவந்தால், அதை அவனே சமாளிக்கட்டும் என்று விடக் கூடாது. அன்றே பள்ளியில் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கும் பேசலாம்.

அப்புறம், அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். எழுத்துக் கூட்டியே திணறினால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்திலோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலோ காட்டுங்கள். குறைபாடு உறுதியாகிச் சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு.

மெக்கானிக் ஷெட் பேச்சை அவன் காதில் போடாதீர்கள். பத்தாவது முடித்தால் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியனோ மோட்டார் மெக்கானிக்கோ முறையாகப் படிக்கலாம். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே போகும் பையன்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் 2024-இல் வந்திருக்கிறது. இதை அவன் அப்பாவே சொன்னால் நல்லது. லாரியிலிருந்து போன் செய்யும்போது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, இன்ஜினைப் பற்றி மகனோடு பேசச் சொல்லுங்கள். அப்பாவிடம் பேச அவனுக்கும் ஒரு விஷயம் இருக்கும்.

தூக்கமே வராமல் புரண்டாலோ, "செத்துடலாம்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு உடனே அழையுங்கள். இரவும் பகலும் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

இந்த வாரமே கம்பெனியில் பெர்மிஷன் போட்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள். அவனையும் கூட்டிப் போங்கள். அந்த மோட்டார் விஷயத்தை அவன் காது கேட்கச் சொல்லுங்கள்.